9 எம்எம் 1ஏ பிஸ்டல்: சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகாது. ஏன்?

கேள்வி (மன்னார்குடி): நம்ம ராணுவம், போலீஸ் வைத்திருக்கும் 9 எம்எம் 1ஏ-வை ஒருத்தர் ஆஹா என்கிறார், இன்னொருத்தர் ட்ரிகரே சரியில்லை என்கிறார். எதை நம்புவது?

கும்பகோணம்: ரெண்டுமே நிஜம் தம்பி. மேற்கு வங்க இஷாப்பூர் துப்பாக்கி ஃபேக்டரி செய்யும் பிரௌனிங் ஹை-பவர் அது. மூல வடிவம் 1935. 13 ரவுண்டு (தோட்டா) கொள்ளும் இரட்டை வரிசை மேகசின் (தோட்டாப் பெட்டி), ஆனாலும் பிடி ஒல்லி. முழு எஃகு உடம்பு என்பதால் உதைப்பு மிதம். ட்ரிகர் சொரசொரப்புக்குக் காரணம் மேகசின் சேஃப்டி, அதாவது மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுட விடாத அமைப்பு. ட்ரிகரோடு சேர்ந்த சின்ன பிளஞ்சர் (ஸ்பிரிங் வைத்த முளை) மேகசினின் முன்பக்கத்தில் உரசிக்கொண்டே நகரும். அதே உரசலால்தான் காலி மேகசின் தானாக விழாது, கையால் இழுக்கணும். சர்வீஸ் துப்பாக்கியில் அந்த சேஃப்டியைக் கழற்றச் சொல்லி ஆர்மரரிடம் (துப்பாக்கி பராமரிப்பவர்) போய் நிற்காதீங்க!

திருவையாறு: சுத்தியல் கடியை விட்டுட்டீங்களே அண்ணே. உயரப் பிடித்தால், ஸ்லைடு (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) பின்னால் வரும்போது சுத்தியல் (ஃபயரிங் பின்னை அடிக்கும் பாகம்) கட்டைவிரல் கவட்டுத் தோலைக் கிள்ளும். பெரிய கைக்காரர்கள் திட்டுவது இதற்குத்தான். சிங்கிள் ஆக்‌ஷன் வேறு. அதாவது ட்ரிகர் சுத்தியலை ஏற்றாது. அதனால் ரவுண்டு வெடிக்காமல் புஸ் ஆனால் மறுபடி ட்ரிகரை அழுத்திப் பயனில்லை. தாமதமாக வெடிக்கலாம் என்பதால், ரேஞ்சில் முனையை இலக்குப் பக்கமே 30 விநாடி வைத்திருந்துவிட்டு ஸ்லைடை இழுத்து அந்த ரவுண்டை வெளியே தள்ளணும்.

நாகப்பட்டினம்: இங்கே பெரிய எதிரி துரு. ஐப்பசி, கார்த்திகையில் தோல் உறைக்குள்ளேயே வைத்தால் ஈரம் பிடித்துக்கொள்ளும். துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு, உறைக்கு வெளியே வையுங்க. ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) துளையில் எண்ணெய் வழிந்தால் அழுக்கு சேர்ந்து அடி பலவீனமாகும்.

மன்னார்குடி: லைசென்ஸில் வாங்கலாமா?

கும்பகோணம்: முடியாது. 9 எம்எம் தடைசெய்யப்பட்ட ரகம். .32 ரகம் பாருங்க.