வில்கோவின் ‘கசின்’: கேட்டவர்கள் கருத்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ராக் இசைக்குழுவான வில்கோவின் ரசிகர்களிடம் ஓர் உதவி வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த ‘கசின்’ ஆல்பத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நான் இந்தக் குழுவை மிகவும் நேசிப்பவன். அங்கிள் டுபெலோ என்ற முந்தைய குழு உடைந்தபின் 1994இல் ஜெஃப் ட்வீடி தொடங்கியது முதல் வந்த எல்லா ஆல்பங்களையும் கேட்டிருக்கிறேன். 2022இல் வந்த ‘க்ரூயல் கன்ட்ரி’ என் மனதுக்கு மிக நெருக்கமானது. 21 பாட்டு, பெரும்பாலும் ஆறு பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தவை. அந்த நெருக்கம் காதில் விழும்.

அடுத்த ஆண்டே ‘கசின்’. தயாரிப்பு வேல்ஸைச் சேர்ந்த கேட் லெ பான். பத்தே பாட்டு. முதல் பாட்டான ‘இன்ஃபினிட் சர்ப்ரைஸ்’ இரைச்சலும் விரிசலுமாக வருகிறது. சாக்ஸஃபோன்கூட உண்டு. ‘எவிக்டெட்’ மட்டும் உடனே பிடித்துவிட்டது, பழைய வில்கோவின் வாசனை அதில் இருக்கிறது. மற்றவற்றில் ட்வீடியின் குரல் எங்கோ தள்ளி நின்று பாடுவதுபோல் படுகிறது. அது வேண்டுமென்றே செய்ததுதான், சரி, ஆனால் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

இதை ரசிப்பவர்கள் எந்தப் பாட்டிலிருந்து உள்ளே போனீர்கள்? ஹெட்ஃபோனில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறதா? அப்புறம், நெல்ஸ் க்லைனின் கிட்டாரைக் கூர்ந்து கேட்பவர்கள், இதில் அவர் எங்கே மிளிர்கிறார் என்று சொன்னால் அங்கிருந்தே மறுபடி கேட்கத் தொடங்குவேன்.