'தொல்பவள வெப்பமானி' வேண்டாம், 'தொல்முருகை வழிச்சான்று' என்று வைப்போம்

வணக்கம் நண்பர்களே,

பழைய முருகைக்கல்லை ஆராய்ந்து அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணிக்கிற முறைக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'தொல்பவள வெப்பமானி' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் 'தொல்' மட்டும்தான் எனக்குச் சம்மதம். மட்டக்களப்பு கல்லடியில் உயர்தர மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பவளம். தமிழ்நாட்டில் பவளப்பாறை என்று எழுதுகிறார்கள், தெரியும். எங்கள் பாசிக்குடா, காயான்கேணிப் பக்கத்தில் பவளம் என்றால் நகையில் பதிக்கும் சிவப்பு மணி, கடலுக்குள் கிடப்பது முருகைக்கல். இது வட்டார வழக்கு பற்றிய பிடிவாதம் இல்லை. நகைப் பவளத்தை உண்டாக்கும் உயிரி வேறு, அதன் கூடு கல்சைற்று. இந்த ஆய்வுக்கு அதிகம் எடுக்கப்படும் போரைற்றிசு போன்ற முருகைகள் கட்டுவது அரகோனைற்று. இரண்டும் கல்சியம் காபனேற்றுத்தான், பளிங்கமைப்புத்தான் வேறு. ஆனால் இந்தத் துறையில் எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது, ஏனென்றால் கரையேறிக் கிடக்கும் பழைய முருகையில் மழைநீர் ஊறினால் அரகோனைற்று மெல்ல மெல்லக் கல்சைற்றாக மாறிவிடும், மாறிய கல்லை அளந்தால் வருகிற வெப்பநிலை பொய். அதனால்தான் வேறு எதையும் அளப்பதற்கு முன் எக்ஸ்-கதிரை வைத்து அதில் கல்சைற்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பவளம் என்று பெயர் வைத்துவிட்டு, அதில் கல்சைற்று இருக்கக் கூடாது என்று மாணவனுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்தது 'மானி'. இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். முருகை எதையும் அளப்பதில்லை. அது வளர்கிறபோது கடல்நீரிலிருந்து கல்சியத்தோடு கொஞ்சம் ஸ்ரொன்சியம் என்ற மூலகத்தையும் சேர்த்துக்கொள்கிறது, நீர் சூடாக இருந்தால் ஸ்ரொன்சியத்தின் பங்கு குறைகிறது. ஒட்சிசனிலும் அப்படித்தான், ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஒட்சிசன்-18 என்ற பாரமான சமதானியின் (ஒரே மூலகத்தின் வேறு நிறை கொண்ட அணுவின்) அளவு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 0.2 குறைகிறது. ஆனால் ஒட்சிசன் வெப்பத்தை மட்டும் சொல்லாது. மாரியில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டிவிட்டால் எவ்வளவு நன்னீர் கடலுக்குப் போகிறது என்று மட்டக்களப்பில் இருக்கிற எவருக்கும் தெரியும். அந்த மழைநீரில் பாரமான ஒட்சிசன் குறைவு. அது போய்ச் சேரும் இடத்தில் ஒரு முருகை இருந்து, அதன் ஒட்சிசனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், மார்கழிக் குளிரிலும் கடல் சூடேறியதாக விடை வரும். ஸ்ரொன்சியத்தை இந்த நன்னீர் அவ்வளவாகக் குழப்புவதில்லை, ஆகவே இரண்டையும் அளந்து, வெப்பத்தின் பங்கைக் கழித்து, மிச்சத்திலிருந்து உவர்த்தன்மையைப் பற்றிய தடயத்தை எடுக்கிறார்கள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மானி என்ற சொல் இதையெல்லாம் மறைத்துவிடும்.

ஆங்கிலத்தில் proxy என்பதற்கு, அதாவது நேரடியாக அளக்க முடியாததை வேறொன்றின் வழியாக அறிய உதவும் சான்றுக்கு, நான் சொல்ல வருவது 'வழிச்சான்று'. நம் இலக்கணகாரர்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தார்கள் அல்லவா? வழிநூல் முதல்நூலின் கருத்தோடு ஒத்துப்போகும், ஆனால் எழுதியவன் தான் வேண்டிய மாற்றங்களையும் அதில் சேர்த்திருப்பான். முருகையும் கடலின் வெப்பத்தைத் தன் உடலின் வழியாகத்தான் சொல்கிறது, அதன் வளர்ச்சி வேகமும் உடற்றொழிலும் அந்தச் செய்தியில் கலந்திருக்கும். மரவளையம், பனிக்கட்டியில் துளைத்தெடுத்த தண்டு, நுண்ணுயிரிகளின் ஓடு எல்லாவற்றுக்கும் இதே சொல் பொருந்தும். 'பதிலி' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இங்கே பதில் அதிபர், பதில் நீதவான் என்பது ஒருவர் இல்லாத நேரத்தில் அவருடைய முழு அதிகாரத்தோடும் வேலை பார்ப்பவரைக் குறிக்கும். முருகைக்கு அந்த அதிகாரம் கிடையாது.

'தொல்' இருக்கட்டும். அதற்குப் பதிலாகப் 'புதைபடிவம்' என்று வைத்தால், அது புதைந்திருக்க வேண்டும். பசிபிக்கில் பல்மைரா தீவின் கரையில் புயல் தூக்கிப் போட்ட பழைய முருகைகளை எடுத்துத்தான் கிம் காப் என்ற காலநிலை ஆய்வாளரின் குழுவினர் கடந்த 1,100 ஆண்டுகளின் எல் நினோ (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாவது) வரலாற்றில் சில துண்டுகளை 2003இல் மீட்டார்கள், அவை எங்கும் புதைந்து கிடக்கவில்லை. எங்கள் பாடநூலில் உள்ள 'உயிர்ச்சுவடு' நல்ல சொல், ஆனால் சுவடு என்றவுடன் காலடித் தடம்தான் நினைவுக்கு வருகிறது, இங்கே கிடைப்பது உயிரியின் கூடே. எனவே தொல்முருகை. வயதைத் தனியாக யுரேனியம்–தோரியம் முறையில் காண்கிறார்கள், அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

வருடாவருடம் தெரியும் அடர்த்தி வரிகளுக்கு 'வளையம்' என்று வந்திருந்தது. மரத்துக்குச் சரி, முருகையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. 'ஆண்டுப்படை' என்று வைக்கலாம். ஓசோன் படை என்று நாங்கள் எழுதுகிற அதே படை. 1972இல் பசிபிக்கில் உள்ள எனிவெற்றோக் தீவின் முருகைகளில், அணுகுண்டுச் சோதனைகள் விட்டுப்போன கதிரியக்கத்தைச் சோதனை நடந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுத்தான் இவை ஆண்டுக்கு ஒன்று என்று உறுதிசெய்தார்கள்.

இந்தச் சொற்கள் நமக்குச் சீக்கிரம் வேண்டும். சுமாத்திராவுக்கு அப்பால் உள்ள முருகைகளைப் படித்து இந்து சமுத்திர இருமுனையின் (அச்சமுத்திரத்தின் மேற்கு, கிழக்குப் பக்கங்களின் வெப்பநிலை வித்தியாசம் மாறிமாறி வருவதன்) ஆயிரமாண்டு வரலாற்றை நெரிலி ஏப்ரம் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2020இல் வெளியிட்டார்கள். எங்கள் மாரிமழை கூடுவதிலும் குறைவதிலும் அந்த இருமுனைக்குப் பங்கு உண்டு, அதனால் இங்கே வயல் விதைக்கிறவனின் பிள்ளை அதைத் தமிழில் வாசிக்க முடிய வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. உயிருள்ள முருகையின் அளவுகளைக் கருவியில் பதிவான கடல் வெப்பநிலையோடு பொருத்தி ஒரு சமன்பாடு எடுக்கிறார்களே, அந்த வேலைக்கு 'அளவுதிருத்தம்' என்பது போதாது, அங்கே எதுவும் திருத்தப்படுவதில்லை. 'ஒப்பளவு' என்று யோசித்திருக்கிறேன். பௌதிகம் படிப்பிக்கிறவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.