ரங்கூன் தோழிகளைப் பற்றிய நாவல்: என் ஏமாற்றம்

எழுதியவரைப் புண்படுத்துவது என் நோக்கமல்ல என்பதால் நாவலின் பெயரைத் தவிர்க்கிறேன். ரங்கூனில் மொகல் தெருவை ஒட்டிய சந்தில் ஒன்றாக வளரும் இரண்டு சிறுமிகள். 1964இல் ஒருத்தி மட்டும் கப்பலேறி மதராஸ் போகிறாள். இருவருக்கும் நடுவே ஒரு ரகசியம். பின்னட்டையில் இதைப் படித்ததும், அதே ஊரில், இன்றைய யாங்கூனிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வேறென்ன வேண்டும்? அம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம் என்று ஆசையோடு தொடங்கினேன்.

பாதி தாண்டுவதற்குள் மனம் விட்டுப்போனது. கதை சொல்பவளுக்கு ரகசியம் முதலிலிருந்தே தெரியும். இருந்தும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நம்மிடம் மறைத்துக்கொண்டே போகிறாள். கடைசியில் அவிழ்வது இதுதான்: தோழியின் அப்பா தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நகையைப் புதைத்தாராம். அந்த ஆண்டு, 1964 மார்ச்சில், கடைகளை பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறுகிறவர்கள் நகையைக் கொண்டுபோகவும் தடை. அப்படிப்பட்ட நேரத்தில் யார்தான் நகையை ஒளிக்கமாட்டார்கள்? இதற்காகவா முந்நூறு பக்கம் காத்திருந்தேன்!

உண்மையான ரகசியம் வேறு. அது என் அம்மாவுக்கே நடந்தது. அம்மாவின் தோழியும் அப்படித்தான் கப்பலேறிப் போனாள். "ஊருக்குப் போவதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே" என்று அம்மாவின் தோழியிடம் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவள் கடைசி நாளும் வழக்கம்போல வந்து, அம்மாவின் கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசிவிட்டு, ஒரே கிண்ணத்தில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறாள். மறுநாள் அந்த வீட்டில் வேறு ஆட்கள். எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பொய்யை எப்படித் தாங்கினாள், தன் முகத்தைப் பார்த்து அவளால் எப்படிச் சாப்பிட முடிந்தது என்று அம்மா இன்றும் கேட்கிறார். கோபமாகக் கேட்பதில்லை. அவளுக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்கிறார்.

நாவல் தொட்டிருக்க வேண்டிய இடம் இது. ஆனால் கப்பல் புறப்பட்டதும் இங்கே தங்கிவிட்டவள் கதையிலிருந்தே காணாமல் போகிறாள். பள்ளியில் பர்மியப் பெயரோடும் வீட்டில் தமிழ்ப் பெயரோடும் அவள் வளர்ந்ததைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

பர்மாவின் மோல்மீன் நகரிலிருந்து ஒரு வாசகரின் பதில்:

அக்கா, நானும் அந்த நாவலைப் படித்தேன். மழையில் இரண்டு பேரும் ஒரே குடைக்குச் சண்டை போடும் இடம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே அவர்கள் நிஜமான பிள்ளைகள். மற்றபடி நீங்கள் சொல்வது சரி. தாத்தாவின் சிநேகிதர் ஒருவர் கப்பலில் இந்தியா போய், அங்கே ஒட்டாமல், மணிப்பூர் வழியாக நடந்தே திரும்பிவரப் பார்த்தார். எல்லையில் தடுத்துவிட்டார்கள், பர்மாவின் எல்லை ஊரான தமுவுக்கு எதிரே, மணிப்பூர்ப் பக்கத்து மோரேயிலேயே தங்கிவிட்டார். இப்படி மோரேயில் குடியேறிய தமிழர்கள் பலர். அவர்களைப் பற்றியும் நாவலில் ஒரு வரி இல்லை. அம்மா சொல்வதை நீங்களே எழுதுங்கள் அக்கா. தெருப் பெயர், பள்ளிக்கூடம், அந்தத் தோழியின் வீட்டு வாசல், எதையும் விட்டுவிடாதீர்கள்.