மியாட்டாவுக்குச் செலவு செய்வதா, ஓட்டிப் பழகுவதற்கா?

சிவப்பு மியாட்டா:
வணக்கம் நண்பர்களே. போன வருடம் 2019 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா என்பதும் இதுதான்), கிளப் என்ற வகையில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2 லிட்டர் இன்ஜின், 181 குதிரைத்திறன், மேனுவல் கியர், எடை 1,060 கிலோ. இருப்பது டெட்ராய்ட் பக்கம், நோவியில். இந்த சீசனில் எஸ்.சி.சி.ஏ. (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) நடத்தும் ஆட்டோகிராஸில் மூன்று முறை ஓட்டியிருக்கிறேன். பழக்கமில்லாதவர்களுக்காக: பெரிய பார்க்கிங் மைதானத்தில் ஆரஞ்சு கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒவ்வொரு காராக விடுவார்கள், போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு கோனைத் தள்ளினால் 2 விநாடி கூடும்.

மூன்று முறையும் எங்கள் பிரிவில் முதலில் வருபவருக்கு நான்கு விநாடி பின்னால் இருந்தேன். அவர் வைத்திருப்பதும் இதே கார்தான். கையில் 3,000 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு கடைக்காரர் கொயில்ஓவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது) போட்டு, காரைத் தாழ்த்தி, கேம்பர் (வீலின் சாய்வு) வைத்துத் தருகிறேன் என்கிறார். என் காரில் இன்னும் கம்பெனி ஷாக் (ஷாக் அப்சார்பர்), கம்பெனி டயர். ஸ்லாலத்தில், அதாவது வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் இடத்தில், மூன்றாவது கோனைத் தாண்டும்போது கார் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வர மறுப்பது போல இருக்கிறது. கொயில்ஓவர் போடலாமா?

மூன்றாம் கியர்:
தம்பி, வேண்டாம். முதலில் ரூல் புத்தகத்தைப் பாருங்கள். நீங்கள் இப்போது ஓடுவது ஸ்ட்ரீட் பிரிவு. அங்கே ஷாக்கை மாற்றலாம். முன்னாலோ பின்னாலோ ஒரே ஒரு ஸ்வே பாரை (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாற்றலாம். பிரேக் பேட் மாற்றலாம். டயர் 200 ட்ரெட்வேருக்கு (டயர் தேயும் அளவைக் காட்டும் எண், குறைந்தால் பிடிப்பு அதிகம்) குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. கொயில்ஓவர் என்றாலே ஸ்பிரிங் மாறிவிட்டது, கார் அன்றைக்கே கூடுதல் மாற்றங்களை அனுமதிக்கும் ஸ்ட்ரீட் டூரிங் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவர்கள் அகலமான வீல், ஹெடர் (புகைக்குழாயின் முன்பகுதி), இசியூ ட்யூன் (இன்ஜின் கணினி மாற்றம்) என்று அனுமதித்த அத்தனையும் செய்து முடித்தவர்கள். அவர்கள் நடுவில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்துகொண்டு போய் நிற்பீர்கள்.

பேக்ஸ் கணக்கையும் யோசியுங்கள். வெவ்வேறு பிரிவுக் கார்களை ஒப்பிடுவதற்கு, ஓட்ட நேரத்தை ஒரு குறியீட்டால் பெருக்குவார்கள். கூடுதலாக மாற்றம் செய்த பிரிவுக்குக் குறியீடும் கூடும். அது 0.01 கூடினாலே 50 விநாடி ஓட்டத்தில் அரை விநாடி கைவிட்டுப் போகும்.

நல்ல 200 டயர் ஒரு செட் வாங்குங்கள். மிச்சப் பணத்தை அப்படியே வைத்திருந்து, ஒரு வருடம் ஓட்டுங்கள். உங்கள் நான்கு விநாடியும் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது என்னிடம் 1999 மியாட்டா. என் நேரம் 58.4. பயிற்றுநராக வந்த ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், அடுத்த ஓட்டத்தை நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார் என்றார். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார், கண்ணாடியைக்கூடத் தொடவில்லை. நான் திருப்புவதில் பாதிதான் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். நான் ஓட்டினால் டயர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கத்தும். அவர் ஓட்டும்போது அது ஒரே சுருதியில் முனகியது. நேரம் 55.1. அதே டயர், அதே ஷாக்.

நட்டு போல்ட்டு:
கொயில்ஓவர் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். பிரிவு மாறும் என்று சொல்லாமல் கடைக்காரர் விற்கப் பார்த்திருந்தால் அது தப்பு. ஆனால் ‘காரைத் தொடாதே, ஓட்டு’ என்ற அறிவுரையை நான் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். அது பாதி உண்மை. என் வேலையே சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டது என்பதால் மற்ற பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு மியாட்டா சொன்ன அந்த மூன்றாவது கோனைப் பாருங்கள். முதல் கோனில் வலது பக்கம் திருப்புகிறார், காரின் உடம்பு இடது பக்கம் சாய்கிறது. இரண்டாவது கோனுக்கு இடது பக்கம் திருப்ப வேண்டும். இந்த மாடலின் ஸ்பிரிங் மென்மையானது, சாய்வும் அதிகம். இடது பக்கம் போன உடம்பு திரும்பி வருவதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு கோனிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் சேர்ந்து, மூன்றாவது நான்காவது கோனில் ஓட்டுபவரும் காரும் வெவ்வேறு தாளத்தில் இருப்பார்கள். அந்த உடம்பின் அசைவை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. இந்த மாற்றத்தை ஸ்ட்ரீட் பிரிவே அனுமதிக்கிறது! அனுமதித்ததை ஏன் விட வேண்டும்?

உங்கள் பெரியவர் கதை அழகானது, நம்புகிறேன். ஆனால் அனுபவசாலி எந்தக் காரின் குறையையும் சமாளித்து ஓட்டுவார் என்பதைத்தான் அது காட்டுகிறது. கற்றுக்கொள்பவருக்கு அந்தச் சமாளிப்பு தெரியாது. தான் செய்த தப்பு எது, கார் செய்த தப்பு எது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்றாம் கியர்:
அந்த மூன்றாவது கோனுக்கு என்னிடம் வேறு விளக்கம் இருக்கிறது. புதிதாக ஓட்டும் எல்லாரும் கோனைப் பார்த்து, கோனுக்குப் பக்கத்தில் வந்த பிறகு திருப்புவார்கள். அப்போது காரின் வளைவு முழுக்கக் கோனுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. அடுத்த கோனுக்குத் தாமதம், அதற்கடுத்ததுக்கு இன்னும் தாமதம். மூன்றாவதில் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டீயரிங்கைக் கோனுக்கு முன்பே திருப்பத் தொடங்கி, கோனைத் தாண்டும்போது கார் ஏற்கனவே அடுத்ததை நோக்கியிருந்தால் இந்தச் சாய்வே பாதியாகும். நீங்கள் சொன்ன அறிகுறியும் இதே அறிகுறிதான். ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், இன்னொன்றுக்குச் செலவே இல்லை.

நட்டு போல்ட்டு:
செலவே இல்லையா? கணக்குப் போடுவோம். ஒரு சீசனில் 8 போட்டி, போட்டிக்கு 5 ஓட்டம், ஓட்டத்துக்கு 50 விநாடி. மொத்தம் 2,000 விநாடி. அதாவது 33 நிமிடம் 20 விநாடி. ‘ஒரு வருடம் ஓட்டு’ என்று நீங்கள் சொல்லும்போது, அரை மணி நேரம் ஓட்டு என்றுதான் சொல்கிறீர்கள். மிச்ச நாளெல்லாம் வெயிலில் நின்று கோன் எடுத்து வைப்பதும், வரிசையில் காத்திருப்பதும். இவ்வளவு குறைந்த நேரத்தில் கற்க வேண்டியவருக்கு, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கார் வேண்டும். குழப்பமான காரில் அந்த 33 நிமிடத்தை வீணாக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வைகைக்கரை:
நானும் கணவரும் ஒரே காரில் மாறி மாறி ஓட்டுகிறோம், இது ஏழாவது சீசன். நட்டு போல்ட்டு அண்ணா சொன்ன 33 நிமிடக் கணக்கு உண்மை. ஆனால் அதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு வேறு.

எங்கள் இரண்டாவது சீசனில் ரீபவுண்டையும் (ஷாக் நீளும்போது தரும் எதிர்ப்பு) கம்ப்ரஷனையும் (அமுங்கும்போது தரும் எதிர்ப்பு) தனித்தனியாகத் திருகி மாற்றக்கூடிய ஷாக் வாங்கினோம். வாங்கியதிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் திருகுவதுதான் வேலை. முன்னால் இரண்டு கிளிக் கூட்டுவோம், பின்னால் ஒன்று குறைப்போம். நேரம் குறைந்தால் கிளிக்கால் குறைந்தது என்று நினைத்தோம், கூடினாலும் கிளிக்கால் கூடியது என்று நினைத்தோம். உண்மையில் அந்த ஓட்டங்களில் நான் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிரேக் போட்டதே கிடையாது. அளவுகோல் ஆடிக்கொண்டிருக்கும்போது எதை அளப்பது? ஒரு சீசன் முழுக்க அப்படியே போனது. அந்த 33 நிமிடம் திரும்பி வராது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிவப்பு மியாட்டா, இதைச் செய்து பாருங்கள். டயரின் ஓரத்தில், ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், மூன்று இடங்களில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் பாருங்கள். டயரில் அச்சடித்திருக்கும் சின்ன முக்கோணம் வரை சாக் அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால், டயர் மடங்கி ஓரத்தில் ஓடுகிறது, காற்று போதாது. உங்கள் கதவு ஸ்டிக்கரில் 29 பிஎஸ்ஐ போட்டிருக்கும். அது சாலைக்கு. என்ன காற்றில் ஓட்டினீர்கள்?

சிவப்பு மியாட்டா:
29தான் அக்கா. மாற்றலாம் என்றே தெரியாது. அலைன்மென்ட்டும் வாங்கியதிலிருந்து பார்க்கவில்லை.

மூன்றாம் கியர் அண்ணா சொன்னதற்குப் பிறகு என் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். என் கை கோனுக்கு நேராக வந்த பிறகுதான் திரும்புகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும். ஆனால் நட்டு போல்ட்டு அண்ணா சொன்னதும் தெரிகிறது. கை நேராக வந்த பிறகும் பானெட் இன்னும் சாய்ந்தே இருக்கிறது.

வைகைக்கரை:
அப்படியென்றால் ஷாக்குக்கு முன் அலைன்மென்ட். உங்கள் காரில் கம்பெனி கொடுத்த போல்ட்டிலேயே கேம்பரை ஓரளவு மாற்றலாம், ஸ்ட்ரீட் பிரிவுக்கு அது போதும். ‘எல்லாம் கம்பெனி அளவுக்குள் இருக்கிறது’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கடைக்குப் போகாதீர்கள். எனக்கு அப்படி இரண்டு முறை நடந்தது. வேண்டிய எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முன்னால் நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) எவ்வளவு வருமோ அவ்வளவு, இரண்டு பக்கமும் சமமாக.

பழைய எம்எக்ஸ்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் காரில்தான் வேலைக்கும் போகிறீர்களா? மிச்சிகனில் பனி உருகும் மார்ச் மாதச் சாலைக் குழிகளை எண்ணிக்கொள்ளுங்கள். இறுக்கமான ஷாக்கோடு அந்தச் சாலையில் தினமும் போய்வருவது வேறு வாழ்க்கை. நான் தினசரிக்கு ஒரு கார் வைத்துக்கொண்டு, போட்டிக்கு 1990 மாடல் மியாட்டா ஒன்றை வாங்கினேன். 1.6 லிட்டர், 116 குதிரைதான், ஆனால் ஒரு டன்னுக்கும் குறைவு. எது உடைந்தாலும் பதற்றமில்லை. இன்னொன்று, இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். நேரம் வைத்து ஓட்டும் போட்டிகளில் ஆகும் சேதத்தை ஏற்க மாட்டோம் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

நட்டு போல்ட்டு:
இரண்டாவது கார் எல்லாருக்கும் முடியாது. வாடகைக் குடியிருப்பில் எங்கே நிறுத்துவது?

வைகைக்கரை அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அது ஷாக்கின் தப்பு அல்ல, திருகியதன் தப்பு. ரீபவுண்ட் ஒன்றை மட்டும் மாற்றும் வகை போதும். ஒரு தடவை சரியாக வைத்துவிட்டு, சீசன் முடியும் வரை தொடக்கூடாது. கூடவே முன்பக்கம் தடித்த ஸ்வே பார். சாய்வு குறையும், திருப்பத்தில் உள்பக்கப் பின் வீல் தரையில் நிற்கும், ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கலாம். சீசன் கடைசியில் நெப்ராஸ்காவின் லிங்கனில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். ஸ்ட்ரீட் பிரிவில் முன்வரிசையில் கம்பெனி ஷாக்கோடு யாரையாவது காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் கியர்:
லிங்கனின் முன்வரிசையில் இருப்பவர்கள் கால் விநாடிக்குப் போராடுகிறவர்கள். தம்பி போராடுவது நான்கு விநாடிக்கு. அந்த மருந்து இந்த நோய்க்கு இல்லை. 33 நிமிடம் போதாது என்றால் நிமிடத்தைக் கூட்டுங்கள். பயிற்சிப் பள்ளி நாளில் ஒரே நாளில் போட்டியைவிடப் பல மடங்கு ஓட்டம் கிடைக்கும், பக்கத்தில் தெரிந்தவர் உட்கார்ந்து சொல்லித் தருவார். ஷாக்குக்கு ஆகும் பணத்தில் இரண்டு பள்ளியும் பாதி சீசன் நுழைவுக் கட்டணமும் முடிந்துவிடும்.

சரி, பேசிக்கொண்டே இருப்பானேன். நானும் அதே பக்கம்தான் இருக்கிறேன். அடுத்த போட்டிக்கு வருகிறேன். தம்பி சம்மதித்தால் அவர் காரில் இரண்டாவது ஓட்டுநராக நானும் பதிவு செய்கிறேன். டயரும் அலைன்மென்ட்டும் மட்டும் மாற்றட்டும், ஷாக் இருந்தபடியே இருக்கட்டும்.

நட்டு போல்ட்டு:
நியாயமான சோதனை. முடிவை ஒளிக்காமல் போடுங்கள்.

சிவப்பு மியாட்டா:
போட்டி முடிந்து வந்துவிட்டேன். நல்ல வெயில். 200 டயர் புதிது, காற்று 33இல் தொடங்கினேன். முன் கேம்பர் ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைத்தது. சாக் கோடு முக்கோணத்தோடு நின்றது. இரண்டு பேர் ஒரே காரில் ஓடியதால் டயர் சூடேறி, மூன்றாவது ஓட்டத்திலிருந்து தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

கோன் சேராத நேரங்கள் இவை. என்னுடையது: 54.6, 53.1, 53.9, 52.8. மூன்றாம் கியர் அண்ணா: 51.2, 51.0, 50.9, 51.1. எங்கள் பிரிவில் முதலில் வந்தவர்: 50.1. நான்கு விநாடி இருந்த இடைவெளி 2.7 ஆகியிருக்கிறது.

வைகைக்கரை:
அண்ணாவின் நான்கு ஓட்டமும் 0.3 விநாடிக்குள் இருக்கின்றன. உங்களுடையது 1.8 விநாடிக்குப் பரந்திருக்கிறது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாம் கியர்:
2.7இல் 1.9 விநாடி ஓட்டுபவருடையது. மிச்ச 0.8இல் எவ்வளவு காருக்கு, எவ்வளவு எனக்கு என்று பிரிக்க முடியாது. முதலில் வந்தவர் என்னைவிட நன்றாக ஓட்டுபவர். தம்பி பயிற்சிப் பள்ளிக்குப் பெயர் கொடுக்கட்டும்.

நட்டு போல்ட்டு:
ஒரு விஷயத்தில் என் வாதம் விழுந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். கார் குழப்பமான பதில் சொல்கிறது என்றேன். அப்படியென்றால், மூன்றாம் கியர், உங்கள் நேரமும் சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. பள்ளிக்கு முதலில் போகட்டும்.

ஆனால் ஒரு கேள்வி, மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். ஸ்லாலத்தின் மூன்றாவது கோனில் அந்தச் சாய்வு உங்களுக்கும் தெரிந்ததா?

மூன்றாம் கியர்:
தெரிந்தது. நான்கு ஓட்டத்திலும். அதற்காகத்தான் இரண்டாவது கோனைத் தாண்டும்போதே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டேன்.