2008 பிறியஸ் ரெடிக்கு வருகுதில்லை, பெரிய பற்றரி போய்விட்டது என்கிறார்கள்: நம்பலாமா?

வவுனியா வாணி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கார் 2008 பிறியஸ், இரண்டாவது மொடல். ஒரு லட்சத்து 90 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. நாலு நாளாக முற்றத்தில் அசையாமல் நிற்கிறது. பிரேக்கை மிதித்துப் பவர் பட்டனை அமத்தினால் நடுத்திரை எரிகிறது, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றன, சிவப்பு முக்கோணமும் வருகிறது, ஆனால் ரெடி என்ற பச்சை எழுத்து மட்டும் வருவதில்லை.

நடந்ததை முதலில் இருந்தே சொல்கிறேன். ஞாயிறு காலை றிமோட்டுக்குக் கதவுகூடத் திறக்கவில்லை, உள்ளே ஒன்றுமே எரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணை தன் வானில் இருந்து வயர் கொடுத்தார், உடனே ரெடி வந்தது, அப்பா கடைவரை போய்வந்தார். திங்கள் காலை திரும்பவும் அதே கதை. அன்று ஒரு கராஜ்காரரைக் கூப்பிட்டோம். டிக்கிக்குள் இருந்த மூடிகளைக் கழற்றி அரை மணித்தியாலம் பார்த்தார், கையில் இருந்த சின்ன ஸ்கானரைப் போட்டார், அதில் பழுதைச் சொல்லுகிற ஒரு கோட்டும் வரவில்லை. கடைசியில் "ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது, நாலரை லட்சம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு வயர் கொடுத்தாலும் ரெடி வருவதில்லை.

அம்மாவை வியாழக்கிழமைகளில் கிளினிக்குக் கூட்டிப்போவது இந்தக் காரில்தான். நாலரை லட்சம் எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. அதைக் கொடுக்க முதல் நாங்களே எதையாவது பார்க்கலாமா? என்னிடம் ஒரு மல்ரிமீற்றர் இருக்கிறது, பாவிக்கத் தெரியும்.

கொக்குவில் வயரிங்:

தங்கச்சி, காசைக் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதில் பெரிய பற்றரி பழுது என்று காட்டுகிற ஒரு விஷயம்கூட இல்லை. றிமோட்டுக்குக் கதவு திறக்காதது, உள்ளே ஒன்றும் எரியாதது, வயர் கொடுத்ததும் ரெடி வந்தது, இந்த மூன்றும் டிக்கியின் வலது மூலையில் இருக்கிற சின்ன 12 வோல்ற் பற்றரியைத்தான் காட்டுகின்றன. இந்தக் காரில் எஞ்சினைச் சுற்றுவது அந்தச் சின்னப் பற்றரி இல்லை, 201.6 வோல்ற் பெரிய பற்றரியில் இருந்து கரண்ட் எடுக்கிற மோட்டர். சின்னதின் வேலை கொம்பியூட்டர்களை எழுப்புவதும், பெரிய பற்றரியைக் காருடன் இணைக்கிற மூன்று றிலேக்களை (கரண்டில் இயங்குகிற சுவிச்சுகளை) இழுத்துப் பிடிப்பதும்தான். அதற்கு அதிகம் கரண்ட் தேவையில்லை, ஓட்டோவில் இருந்து கழற்றிய பற்றரியைக் கொடுத்தாலும் கார் எழும்பும். ஆனால் சின்னது அரை உயிரில் இருந்தால் கொம்பியூட்டர்கள் தடுமாறி எல்லா விளக்கையும் ஒன்றாகப் போடும். அதைப் பார்த்துப் பயந்து பெரிய பற்றரியை மாற்றிய ஆட்கள் எத்தனையோ பேர்.

முதலில் சின்னப் பற்றரியைச் சும்மா இருக்கும்போது அளந்து பாருங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.0 என்றால் கால்வாசிகூட இல்லை. ஆனால் சும்மா அளந்த அளவை மட்டும் நம்ப வேண்டாம், அது ஆளை ஏமாற்றும். மீற்றரை மாட்டி வைத்துக்கொண்டே சாரதிக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்த உடனே முன்னுக்குப் பிரேக் பம்ப் சில வினாடி "உர்ர்" என்று ஓடும், அந்த நேரம் அளவு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். பிறகு ஹெட்லைற்றைப் போட்டும் ஒருக்கா பாருங்கள். 11க்குக் கீழே சரிந்தால் அந்தப் பற்றரி சரியில்லை.

டிக்கிக் கதவு கரண்டில் திறப்பது, பற்றரி இறங்கினால் திறக்காது. பின்சீற்றைச் சாய்த்து உள்ளால் ஏறினால் கதவின் உள்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் இருக்கிற நெம்பைத் தள்ளினால் திறக்கும். வயர் கொடுப்பதானால் பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே பிளஸ் முனை இருக்கிறது, மைனஸை வெறும் இரும்பில் கொடுங்கள். மாறிக் கொடுத்தால் மெயின் பியூஸ் போகும், பெரிய பற்றரியின் கரண்டை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வேட்டரும் போகலாம். அதில் மட்டும் அவசரம் கூடாது.

அப்புறம் இன்னொன்று: பட்டனை அமத்தும்போது பின்சீற்றுக்குப் பின்னால் "டக், டக்" என்று றிலே இழுக்கிற சத்தம் வருகிறதா?

மட்டுநகர் பிறியஸ்:

கொக்குவில் அண்ணை சொல்வது சரி, ஆனால் 2008 கார் என்பதால் பெரிய பற்றரியை முழுவதும் விட்டுவிடவும் முடியாது. 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் நின்ற பிறியஸ்களில் எத்தனையோ அதற்குப் பிறகு தலையிடி கொடுத்தன. சிலர் பெற்றோல் வரிசையில் கியரை நியூற்றலில் (N) வைத்துக்கொண்டு ஏசியைப் போட்டுக் குந்தியிருந்தார்கள். நியூற்றலில் இருந்தால் பெரிய பற்றரி சார்ஜ் ஆகாது, இறங்கிக்கொண்டே போகும்.

ஸ்கானர் விஷயம் முக்கியம். சாதாரண ஸ்கானர் எஞ்சின் கொம்பியூட்டரை மட்டும் வாசிக்கும். ஹைபிரிட் கோட்டுகள் வேறு கொம்பியூட்டர்களில் இருக்கின்றன. "கோட் இல்லை, ஆனால் பற்றரி போச்சு" என்று ஒருவர் சொன்னால் அவர் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். காரில் செருகுகிற ஈஎல்எம்327 என்ற புளூடூத் ஸ்கானர் ஒன்று வாங்கி போனில் டொக்டர் பிறியஸ் என்ற அப்பைப் போட்டால் அதையெல்லாம் வாசிக்கலாம், பெரிய பற்றரியின் 14 பிளாக்கின் (செல்கள் சேர்ந்த பகுதிகளின்) வோல்ற்றேஜும் தெரியும். ஒரு பிளாக் மட்டும் மற்றதுகளை விட ஒரு வோல்ற்றுக்கு மேல் குறைந்து நின்றால் அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது. பெரிய பற்றரி பழுது என்று சொல்லுகிற பி0ஏ80 கோட் வந்தால்தான் அதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

பி0ஏஏ6 வந்தாலும் உடனே பற்றரி என்று நினைக்காதீர்கள். அது பெரிய பற்றரியின் கரண்ட் காரின் இரும்பு உடலுக்குக் கசிகிறது என்பதைத்தான் சொல்கிறது, எங்கே என்பதைக் கூட வருகிற மூன்று இலக்கம் சொல்லும்: 611 என்றால் ஏசி கொம்பிறசர் பக்கம், 612 பற்றரி, 613 கியர் பெட்டி. என்னுடைய காருக்கு வந்தது 611. அதற்கு முந்தைய வருடம் ஏசிக்குக் காஸ் அடித்தவர் சாதாரண ஒயிலை விட்டிருந்தார். இந்தக் கொம்பிறசர் 200 வோல்ற்றில் ஓடுவது, அதற்கு என்டி11 என்ற ஒயில்தான் விட வேண்டும். நான் பற்றரியை மாற்றியிருந்தால் அதே கோட் திரும்பி வந்திருக்கும்.

வவுனியா வாணி:

இரண்டு அண்ணைமாருக்கும் மிக்க நன்றி. அளந்தேன். சும்மா இருக்கும்போது 11.7. கதவைத் திறந்து பம்ப் ஓடும்போது 10.1, ஹெட்லைற் போட்டதும் 9.6க்குப் போய் அங்கேயே நின்றது. மைனஸ் முனையில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி ஒன்று படிந்திருந்தது, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். மாமாவின் சார்ஜரில் இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் போட்டேன், காலையில் 12.5 இருந்தது.

ஆனால் ரெடி வரவில்லை! எல்லா விளக்கும் எரிகிறது, முன்னைய மாதிரி மங்கல் இல்லை, நல்ல வெளிச்சம். பின்னால் "டக்" சத்தம் வரவே இல்லை, அம்மாவைப் பின்சீற்றில் இருத்திக் கேட்கச் சொன்னேன். அக்காவின் மகன் ஸ்கானர் கொண்டுவந்தான். ஹைபிரிட் பக்கம் ஒரே ஒரு கோட்: பி0ஏ0டி. பி0ஏ80 இல்லை. இது என்ன?

கொக்குவில் வயரிங்:

தங்கச்சி, இது நல்ல செய்தி. பி0ஏ0டி இன்டர்லொக் கோட். 200 வோல்ற் போகிற பாதையில் ஏதாவது மூடியோ பிளக்கோ திறந்து கிடந்தால் கொம்பியூட்டர் றிலேக்களை இழுக்கவே விடாது, ஆளுக்குக் கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. அதனால்தான் "டக்" சத்தம் இல்லை.

கராஜ்காரர் டிக்கி மூடிகளைக் கழற்றினார் என்று எழுதினீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம். டிக்கியின் இடது பக்கம் கீழே ஒரு மூடிக்குள் செம்மஞ்சள் பிடி ஒன்று இருக்கும், பெரிய பற்றரியை இடையில் துண்டிக்கிற சேர்விஸ் பிளக் அது. அதைத் திரும்பப் போடும்போது பிளக்கை உள்ளே தள்ள வேண்டும், பிடியை நிமிர்த்த வேண்டும், அதற்குப் பிறகு பிடியைக் கீழே இழுத்துப் பூட்ட வேண்டும். அந்த மூன்றாவது அசைவைத்தான் ஆட்கள் விடுவது. நிமிர்த்தினவுடன் பூட்டின மாதிரியே இருக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் இன்டர்லொக் தொடாது.

செய்ய முதல் கவனம்: காரை முழுவதும் ஓவ் பண்ணுங்கள், திறப்பைக் காரை விட்டுத் தூரத்தில் வையுங்கள், சின்னப் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிடியைக் கீழே தள்ளுவதற்கு மட்டும் கை வையுங்கள். பிளக்கை வெளியே எடுக்க வேண்டாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு 1000 வோல்ற் கையுறை போட்ட ஆள் வேண்டும், எடுத்த பிறகு இன்வேட்டருக்குள் கரண்டைச் சேமித்து வைக்கிற கப்பாசிற்றர் இறங்க ஐந்து நிமிடமாவது விட வேண்டும். பிளக் வெளியே வந்தாலும் பற்றரிப் பெட்டிக்குள் ஆளைக் கொல்லக்கூடிய கரண்ட் இருக்கும். செம்மஞ்சள் கேபிள் எதையும் தொடாதீர்கள்.

வவுனியா வாணி:

அண்ணை!!! பிடி நிமிர்ந்துதான் நின்றது. நீங்கள் சொன்ன மாதிரியே பார்க்கப் பூட்டினது போல இருந்தது. பெருவிரலால் கீழே தள்ள "க்ளிக்" என்று ஒரு விரற்கடை இறங்கியது. மைனஸைப் போட்டு, பிரேக்கை மிதித்துப் பட்டனை அமத்தினேன், பின்னால் "டக்... டக்", ரெடி வந்தது. அப்பா வாசலில் நின்று கை தட்டினார். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போய் வந்தாச்சு. 14 பிளாக்கும் பார்த்தேன், ஆகக் கூடியதற்கும் குறைந்ததற்கும் 0.2 வோல்ற்தான் வித்தியாசம்.

ஆனால் ஒரு கவலை. ரெடியில் இருக்கும்போது சின்னப் பற்றரியில் 13.9 காட்டுகிறது. ஒரு இரவு விட்டால் காலையில் 12.1. புதுப் பற்றரி வாங்கினால் சரியாகுமா?

மட்டுநகர் பிறியஸ்:

ரெடியில் 13.9 என்றால் பெரிய பற்றரியில் இருந்து சின்னதுக்குச் சார்ஜ் போகிற பக்கம் நல்லாக இருக்கிறது. அப்படியென்றால் சின்னது கிழடாகிவிட்டது, இல்லையென்றால் நிறுத்தி வைத்திருக்கும்போது ஏதோ ஒன்று குடிக்கிறது. புதுசு வாங்க முதல் இரண்டாவதைப் பாருங்கள், இல்லாவிட்டால் புதியதையும் அது குடித்து முடித்துவிடும்.

மைனஸ் வயரைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியரில் வைத்து அந்த வயருக்கும் பற்றரி முனைக்கும் நடுவில் போடுங்கள். மீற்றர் நடுவில் இருக்கும்போது காரை ஒன் பண்ணக் கூடாது, மீற்றர் பியூஸ் போய்விடும். டிக்கிக் கதவு திறந்திருக்க வேண்டி வரும், அதனால் பூட்டின் நாக்கை ஒரு ஸ்குறூ டிறைவரால் அமத்தி மூடின மாதிரி ஆக்கிவிடுங்கள். திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோங்கள். கொம்பியூட்டர்கள் தூங்க அரை மணித்தியாலம் கொடுங்கள். அதற்குப் பிறகு 0.05 அம்பியருக்குள் இருந்தால் சரி. கூட இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், எதை இழுக்கும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கள்ளன். காருடன் வராத சாமான் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? செற், கமெரா, அலாரம்?

வவுனியா வாணி:

0.38 அம்பியர்! றேடியோ பியூஸை இழுத்ததும் 0.03க்கு விழுந்தது. போன மாசிதான் தம்பி ஆன்ட்ரொயிட் செற் ஒன்று போட்டான், அதன் சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் ஒன்றாகச் சேர்த்து எப்போதும் கரண்ட் வருகிற வயரில் கொடுத்திருக்கிறார்கள், அதனால் திரை அணைந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கணக்குப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 9 அம்பியர் மணி. இப்போதைக்குப் பியூஸைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

கொக்குவில் வயரிங்:

சிவப்பு வயரைப் பிரித்து, பட்டனை ஒருக்கா அமத்தினால் மட்டும் கரண்ட் வருகிற ஏசிசி வயரில் கொடுங்கள், மஞ்சள் அப்படியே இருக்கட்டும், அது நேரத்தையும் ஸ்ரேசனையும் நினைவில் வைக்கத்தான். 9.6 வரை விழுந்த பற்றரி அதிக நாள் தாங்காது, அதனால் செற்றைச் சரிசெய்த பிறகு புதுசு ஒன்று போடுவது நல்லது. ஆனால் எந்தப் பற்றரியையும் வைத்துவிட வேண்டாம். இது ஆள் இருக்கிற இடத்துக்குள் இருக்கிற பற்றரி, காஸ் வெளியே போகக் குழாய் பூட்டக்கூடிய மாதிரி பிறியஸுக்கென்றே வருகிறதை வாங்குங்கள், குழாயையும் மறக்காமல் பூட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் பின்சீற்றின் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கிற துவாரம் இருக்கிறது. அதற்கு மேல் சாமான் வைக்க அப்பாவை விடாதீர்கள், உள்ளே பஞ்சு மாதிரித் தூசி அடைத்திருந்தால் வக்கூமால் இழுத்துவிடுங்கள். பிளாக்குகள் 0.2இல் நிற்கின்றன என்றால் அந்தப் பற்றரி இன்னும் ஓடும், அதைச் சூடாக விடாமல் வைத்திருங்கள். புதுப் பற்றரி போட்டு இரண்டு இரவு விட்டுவிட்டுக் காலையில் அளந்து இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.