புதுப்பிப்பு: மாமாவின் கால் எலும்பு கூடத் தொடங்கிவிட்டது

பைக் விபத்தில் மாமாவின் டிபியா எலும்பு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் பெரிய எலும்பு) தோலைக் கிழித்து வெளியே வந்ததையும், உள்ளே கம்பி வைத்த பிறகும் அது கூடவில்லை என்பதையும் எழுதியிருந்தேன். பலர் பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் சொன்னீர்கள். அத்தை இரண்டையும் விடவில்லை; மும்பை மாட்டுங்காவில் பிரண்டைக்கா பஞ்சம்?

சயானில் இரண்டாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, முதலில் கேட்டது "பீடி உண்டா?" என்றுதான். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். டிபியாவின் கீழ்ப்பகுதியைச் சுற்றித் தசை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. இப்படிப்பட்ட திறந்த காயத்தில் இருக்கிற கொஞ்சமும் சிதைந்துபோகும். சர்க்கரை நோய், கிருமித் தொற்று, முறிவில் இடைவெளி எல்லாமே தாமதப்படுத்துபவைதான்.

ரத்தப் பரிசோதனையில் தொற்றுக்கான அறிகுறி இல்லை என்றதும், கம்பியின் ஒரு முனையை எலும்போடு பிணைத்திருந்த திருகாணியை மட்டும் கழற்றினார்கள். காலை ஊன்றும்போது முறிந்த முனைகள் ஒன்றையொன்று அழுத்த வேண்டுமாம்; அதற்கு அந்தத் திருகாணி தடையாக இருந்ததாம். அந்த அழுத்தம்தான் எலும்பை வளரத் தூண்டுகிறது. படுத்தே கிடந்தால் கூடிவிடும் என்ற எங்கள் வீட்டு நம்பிக்கை அத்தோடு போயிற்று.

புதிய எக்ஸ்ரேயில் 4 பக்கங்களில் 3-இல் எலும்பு பாலம் போட்டிருக்கிறது. மாமா வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்துவிட்டார். பீடிக்கட்டு அத்தையின் பீரோவில் இருக்கிறது. சாவியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.