டர்பன் கடலில் அலையிடம் மாட்டியவர்கள் இங்கே எழுதுங்கள்

டர்பன், கப்பல் எஞ்சின் வேலை:

நானே ஆரம்பிக்கிறேன். டர்பனிலிருந்து கேப் டவுன் பக்கம் போகிற கப்பல்கள் பெரும்பாலும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் ஏறிக்கொள்ளப் பார்க்கும். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் தென்மேற்காக ஓடுகிற தண்ணீர் சும்மா தள்ளிக்கொண்டு போகும்போது, எண்ணெய்ச் செலவும் மிச்சமாகும்போது, எந்தக் கேப்டன் வேண்டாம் என்பார்? நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். ஈஸ்ட் லண்டன் என்ற தென்னாப்பிரிக்கத் துறைமுகத்துக்குக் கொஞ்சம் வடக்கே வடகிழக்குக் காற்று அடங்கியது, பாரோமீட்டர் இறங்கியது, அப்புறம் தென்மேற்குக் காற்று திரும்பி அடித்தது. ஐந்து மீட்டர் அலை இருந்திருக்கும், பெரிய கப்பலுக்கு அது ஒன்றுமே இல்லை.

நான் கீழே எஞ்சின் ரூமில் இருந்தேன். திடீரென்று காலுக்குக் கீழே தரை நழுவியது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வர, எஞ்சின் பாரமில்லாமல் சுற்றி அலறியது, பிறகு மொத்த இரும்பும் நடுங்குகிற மாதிரி ஓர் அடி. கப்பல் பாறையில் ஏறிவிட்டது என்றே நினைத்தோம். மேலே நின்றவர்கள் சொன்னது வேறு: எதிரே அலைக்கு முன்னால் ஒரு பள்ளம் திறந்தது, முன்பக்கம் அதற்குள் இறங்கியது, அது நிமிர்வதற்குள் அடுத்த முகடு மேலேயே விழுந்தது. முன்பக்கக் கம்பிகள் வளைந்து கிடந்தன. பழைய மாலுமிகள் இதைக் கடலில் விழுந்த குழி என்பார்கள். தென்மேற்கிலிருந்து வருகிற அலை, எதிரே ஓடுகிற இந்த நீரோட்டத்தில் மோதிப் பெரிதாவதுதான் இதற்கு அடிப்படை.

1909 ஜூலையில் வாராட்டா என்ற கப்பல் 211 பேரோடு டர்பனை விட்டுக் கிளம்பியது, இன்றுவரை கிடைக்கவில்லை. அலைதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் போன வழி இதேதான். 1968 ஜூனில் வேர்ல்ட் குளோரி என்ற எண்ணெய்க் கப்பல் இதே கரையோரம் இரண்டாக உடைந்தது.

சாட்ஸ்வர்த், கரைவலைக் குடும்பம்:

எனக்குத் தமிழ் எழுத மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாத்தா கரைவலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் சார்டின் வரும்போது என்னையும் கூட்டிப் போவார். படகை உடனே தள்ள விடமாட்டார், மணலில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார், நமக்கோ மீன் போய்விடுமே என்று பதறும். பெரிய அலைகள் வரிசையாக வந்து முடிந்ததும் "இப்போ தள்ளு" என்பார், தள்ளினால் நுரையைத் தாண்டிவிடுவோம். தாத்தா எதை எண்ணினார் என்பது கல்லூரியில் இயற்பியல் படித்தபோதுதான் புரிந்தது. 12 விநாடிக்கு ஒரு முகடு வருகிற அலைத்தொகுதியும் 13 விநாடிக்கு ஒன்று வருகிற தொகுதியும் ஒன்றாகக் கரைக்கு வந்தால், முகடும் முகடும் சேரும்போது பெரிய அலை, முகடும் அகடும் (அலையின் பள்ளம்) சேரும்போது கடல் அடங்கும். இந்தக் கணக்கில் 156 விநாடிக்கு ஒரு முறை அது திரும்ப வரும். நிஜக் கடலில் இவ்வளவு சுத்தமாக இருக்காது, அதனால்தான் அவர் அவ்வளவு நேரம் பார்த்தார்.

2007 மார்ச் 19 புயல் அலையையும் நான் கரையிலிருந்து பார்த்தேன். சம இரவு நாளை ஒட்டிய பெரிய வேலியேற்றம் (கடல் மட்டம் உயர்வது), அதே நேரத்தில் ரிச்சர்ட்ஸ் பேயில் அலையை அளக்கும் மிதவையில் எட்டரை மீட்டர் அலை. பல்லிட்டோ கடற்கரைப் பக்கம் மணலே இல்லாமல் போனது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

கடல் அனுபவம் இல்லை, ஒரு சந்தேகம் மட்டும். எதிரே ஓடுகிற தண்ணீர் அலையை அடக்கத்தானே வேண்டும்? எப்படிப் பெரிதாக்கும்?

டர்பன், கப்பல் எஞ்சின் வேலை:

நல்ல கேள்வி, எனக்கும் இது ரொம்ப நாள் இடித்தது. அலையில் தண்ணீர் பயணம் செய்வதில்லை. அந்தந்த இடத்துத் தண்ணீர் வட்டமடித்துக் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வரும், பயணம் செய்வது ஆற்றல்தான். 12 விநாடி அலைக்கு ஆழ்கடலில் அலைநீளம் 225 மீட்டர், முகடு நொடிக்கு 18.7 மீட்டர் போகும், ஆற்றல் அதில் பாதி வேகத்தில்தான் போகும். இது எதிர் ஓட்டத்துக்குள் நுழைந்தால், முன்னால் போகிறவர் நடை தளர்ந்த வரிசை மாதிரி முகடுகள் நெருங்கும். 12 விநாடி இடைவெளி மாறாது, நுழைகிற முகடு எல்லாம் வெளியேயும் வந்தாக வேண்டுமே. நொடிக்கு 2 மீட்டர் ஓட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அலைநீளம் 174 மீட்டராகச் சுருங்கும், ஆற்றல் குவிந்து உயரம் 30 சதவீதம் கூடும், அலையின் செங்குத்து 70 சதவீதம் கூடிவிடும். கப்பலை உடைப்பது உயரத்தை விட இந்தச் செங்குத்துதான் என்பது என் கட்சி.

இது மட்டுமே குழியைத் தோண்டிவிடாது. ஓட்டத்தின் நடுவில்தான் வேகம் அதிகம், எதிர்த்து வரும் அலை அங்கேதான் ரொம்பத் தளரும், அதனால் முகடுகள் நடுவை நோக்கி வளைந்து அங்கேயே சேரும். பழைய அலையும் புதுக் காற்றின் அலையும் அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சாட்ஸ்வர்த் தாத்தா எண்ணிய அதே கூட்டல்தான், அகடும் அகடும் சேர்ந்தால் குழி. அரை நிமிடத்தில் கலைந்துவிடும், நாம் அந்த அரை நிமிடத்தில் அங்கே இருந்தால் மாட்டினோம்.

1974-இல் கேப் டவுன் பேராசிரியர் மேலரி இந்தக் கரையில் நடந்தவற்றைத் தொகுத்தார். தென்மேற்கிலிருந்து வந்த அலை, எதிரே ஓட்டம், கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரையின்) விளிம்பு, இதுதான் திரும்பத் திரும்ப வரும். கடல் வரைபடத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது: 20 மீட்டர் வரை அலை வரலாம், அதற்கு முன்னால் ஆழமான அகடு வரும். தென்மேற்குக் காற்று திரும்பினால் 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே கரைப்பக்கம் வந்துவிட வேண்டும், அங்கே ஓட்டம் குறைவு. எங்கள் கேப்டனும் அந்த அடிக்குப் பிறகு உள்ளேதான் வந்தார். ஓட்டம் கொடுத்த வேகம் போனது, கேப் டவுனுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம், ஏன் தாமதம் என்று கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டு மெயில் வந்தது.